அதிகாரமும் இன்பமும்

அதிகாரம் என்னும் சொல் தமிழ் படிப்பவர்க்கு இரண்டு பொருள் தரும். நூலின் ஒரு பகுதிக்கு அதிகாரம் என்று பெயர். பிறரை ஏவும் உரிமைக்கும் அதிகாரம் என்றே பெயர். திருக்குறளில் 133 அதிகாரங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பத்துக் குறளோடு முடிந்துவிடும். பதினோராவது குறளுக்கு அங்கே இடமில்லை. அடுத்த அதிகாரம் தொடங்கிவிடும். அதிகாரம் என்றால் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை நூலிலே நாம் எளிதில் ஒப்புக்கொள்கின்றோம். நாட்டிலும் வீட்டிலும் அதனை மறந்துவிடுகின்றோம்.

இந்தச் சிந்தனையை எழுப்பியவர்கள் என் மாணாக்கர். 2025 செப்டெம்பர் 10ஆந் திகதி நமது பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. முன்னாள் ஜனாதிபதிகளுக்கு உத்தியோக வாசஸ்தலம், போக்குவரத்து முதலிய சலுகைகளை வழங்கிய 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதனால் நீக்கப்பட்டது. ஆதரவாக 151 வாக்கு. எதிராக ஒன்றே ஒன்று. மறுநாள், பத்தாண்டு நாட்டை ஆண்ட மகிந்த ராஜபக்ஷ அவர்கள் கொழும்பு விஜேராம வீதி இல்லத்தை விட்டுத் தங்காலைக்குப் புறப்பட்டார். பொருள்கள் ஏற்றப்படுவதையும் ஆதரவாளர் கூடிநிற்பதையும் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே பார்த்திருந்தனர். அடுத்தநாள் உயர்தர வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, இவ்வளவு அதிகாரத்தோடு இருந்தவர்கள் சந்தோஷமாய் இருந்திருப்பினமோ?” என்று கேட்டான். நான் விடை தேடுவதற்குள் பின்வாங்கில் இருந்து ஒரு மாணவி, “அதிகாரம் இல்லாத நாங்கள் மட்டும் சந்தோஷமாகவோ இருக்கிறம்?” என்றாள். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டும் நல்ல வினாக்கள். ஒன்றற்கு விடை கூறி மற்றதை விடுபவன் பாதி உண்மையே கூறியவனாவான்.

முதல் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம்.

நிறைவேற்று அதிகாரமுடைய ஜனாதிபதிப் பதவி நம் நாட்டில் 1978 இல் வந்தது. ஒருவர் கையில் இத்துணை அதிகாரம் அதற்கு முன் சுதந்திர இலங்கையில் இருந்ததில்லை. அப்பதவியை வகித்தவர்கள் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். றணசிங்க பிரேமதாச அவர்கள் 1993 மே முதலாந் திகதி, தொழிலாளர் தின ஊர்வலத்தின் நடுவே, குண்டுக்கு இரையானார். சந்திரிகா குமாரதுங்க அவர்கள் 1999 டிசெம்பரில், தேர்தற் கூட்டமொன்றன் முடிவில் வெடித்த குண்டினால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். மகிந்த ராஜபக்ஷ அவர்கள் ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பை 2010 இல் அரசியலமைப்பிலிருந்து நீக்குவித்தார். காலம் முடியுமுன்னரே தேர்தலை அழைத்து, 2015 சனவரியில் தோல்வியுற்றார். பத்தாவது குறளுக்குப் பின்னும் அதிகாரத்தை நீட்டப் பார்த்த முயற்சி அது.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் கோட்டாபய ராஜபக்ஷ அவர்களுடையது. 2019 நவம்பரில் 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் நிறைவேறியது. முன்னர் குறைக்கப்பட்டிருந்த ஜனாதிபதியின் அதிகாரங்கள் மீண்டும் பெருகின. இனி அவரைத் தடுப்பார் யார் என்று எல்லோரும் எண்ணினர். இரண்டாண்டு நிரம்பவில்லை. 2022 யூலை 9ஆந் திகதி மக்கள் வெள்ளம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. நீச்சற்குளத்திலே பையன்கள் குதித்தனர். மெத்தையிலே வழிப்போக்கர் படுத்துப் பார்த்தனர். மாளிகைக்கு உரியவர் 13ஆந் திகதி விடியுமுன் மாலைதீவுக்குச் சென்று, அங்கிருந்து சிங்கப்பூர் சேர்ந்து, பதவி விலகற் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். மிகுந்த அதிகாரம் உடையவராய் இருந்தவர்க்குத் தம் நாட்டில் அன்றிரவு தலைசாய்க்க ஓர் இடம் இல்லாது போயிற்று.

இங்ஙனம் கூறுவது எவருடைய துன்பத்தையும் கண்டு மகிழ்வதற்காக அன்று. அதிகாரம் ஒருவனுடைய மனத்திலும் வாழ்விலும் செய்யும் வேலையை அறிவதற்காகவே கூறினேன். அவ்வேலையைச் சிறிய அளவில் நானே அனுபவித்தவன்.

பல ஆண்டுகளின் முன் ஒரு சிறிய பாடசாலையில் ஒன்றரை ஆண்டு பதில் அதிபராய் இருந்தேன். அதற்கு முன் அங்கே உதவி ஆசிரியன். இடைவேளையில் வேப்பமரத்தின் கீழ் ஆசிரியர்கள் கூடியிருந்து பேசுவோம். ஒருவரையொருவர் பகிடி பண்ணுவோம். அதிபர் கதிரையில் அமர்ந்த முதல் வாரத்திலே அந்த மரத்தடிக்குப் போனேன். பேச்சு நின்றது. எல்லோரும் எழுந்து நின்றனர். என்னைக் கண்டால் எழுந்து நிற்கின்றார்களே என்று முதல்நாள் உள்ளம் சற்றுக் குளிர்ந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஒரு மாதத்தின் பின் அந்த மரத்தடி எனக்கு ஊமையாகிவிட்டது. பாடசாலையில் நடப்பது எதுவும் என் காதுக்கு நேரே வரவில்லை. வந்தது எல்லாம் எனக்கு இனிக்கும் வண்ணம் வந்தது.

அக்காலத்தில் நேரசூசியை நான் ஒருவனே எழுதினேன். ஓர் இளம் ஆசிரியையின் பாடங்களை எல்லாம் கடைசிப் பாடவேளைகளுக்கு மாற்றினேன். காரணம் கேட்டால் எனக்கே தெரியாது. தாளில் அழகாய் அமைந்தது, அவ்வளவுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாயில் கிடந்த தாயாருக்கு மத்தியான உணவு ஊட்ட அயலவர் ஒருவரைக் கெஞ்சிக் கேட்க வேண்டியதாயிற்று என்பதை நான் பதவியை விட்டபின், அதே வேப்பமரத்தின் கீழ், வேறொருவர் வாயாற் கேட்டேன். அப்பொழுது அந்தத் தாயார் உயிரோடு இல்லை. அதிகாரத்தில் இருந்தபோது எனக்கு நித்திரை குறைந்தது உண்மை. ஆயினும் இரண்டாவது வினாவைக் கேட்ட அந்த மாணவியை நினைக்கும்போது, என் நித்திரையை மட்டும் எண்ணி இரங்குவது முறையாகாது என்று தோன்றுகின்றது. என் தூக்கம் கெட்டது. அந்த ஆசிரியையின் வாழ்வே அல்லவா கெட்டது?

ஆகவே இரண்டாவது வினாவுக்கு வருவோம். அதிகாரம் இல்லாதவர் இன்பமாய் இருக்கின்றனரா?

“அரண்மனையில் நித்திரை இல்லை; குடிசையில் குறட்டை விடுகின்றான்” என்பது போன்ற பேச்சுகள் நம்மிடையே நிறைய உண்டு. ஏழையைத் தேற்றுவதற்கு இவை உதவும். ஏழையை ஏழையாகவே வைத்திருப்பதற்கும் உதவும். இவை உண்மைதானா என்று அளந்து பார்த்தவர்களும் உளர். இலண்டன் மாநகரில் வைற்ஹோல் என்னும் வீதியைச் சூழப் பிரித்தானிய அரசாங்கக் கந்தோர்கள் உள்ளன. அங்கே வேலை செய்த ஆண்கள் ஏறக்குறைய 18,000 பேருடைய உடல்நிலையை 1967 முதல் வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அந்நாளிற் பொதுவான எண்ணம் என்ன? பெரிய உத்தியோகத்தர்க்குப் பொறுப்பு மிகுதி. ஆதலின் அவர்க்கே மாரடைப்பும் மிகுதி என்பது. ஆராய்ச்சி இதனைத் தலைகீழாக்கியது. பத்தாண்டில் இருதய நோயால் இறந்தவர் விகிதம், வாயிற்காவலரும் ஏவலாளருமாகிய கடைநிலையினரிடையே, மேல்நிலை நிர்வாகிகளிடையே இருந்ததைப்போல மூன்று மடங்காய் இருந்தது. இவர்கள் பட்டினி கிடந்தவர் அல்லர். எல்லோரும் அரசாங்க உத்தியோகத்தர். மாதச் சம்பளம் பெற்றவர். புகைத்தல் முதலிய பழக்கங்கள் இவ்வேற்றுமையின் ஒரு பகுதியையே விளக்கின.

1985 இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரைக் கொண்டு இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கியது. அதனை நடத்திய மைக்கேல் மாமொற் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஒரு முக்கியமான காரணத்தைக் கண்டனர். தன் வேலையை எப்படிச் செய்வது, எந்த ஒழுங்கிற் செய்வது என்பதில் தனக்கு ஒரு சொல்லும் இல்லாதவனுக்கு இருதய நோய் வரும் ஆபத்து மிகுதி. வேலையின் பாரத்தோடு, அந்த வேலையில் தன் கை இல்லாமையும் மனிதனைக் கொல்லுகின்றது. என் மாணவியின் வினாவுக்கு இதுவே விடை. “இல்லை, பிள்ளை. அதிகாரம் இல்லாதவர் இன்பமாய் இல்லை.”

அப்படியானால் இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவே என்று கேட்கலாம். அதிகாரத்தின் உச்சியில் இருப்பவர்க்கும் இன்பம் இல்லை. அடியில் இருப்பவர்க்கும் இன்பம் இல்லை என்றால் இன்பம் எங்கே?

முரண்பாடு சொல்லிலே இருக்கின்றது. அதிகாரம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்களைக் கட்டிவைத்துவிட்டோம். ஒன்று, பிறர்மேல் ஒருவனுக்கு உள்ள ஆட்சி. மற்றது, தன் வாழ்வின்மேல் ஒருவனுக்கு உள்ள ஆட்சி. முன்னதைப் பிறராட்சி என்றும் பின்னதைத் தன்னாட்சி என்றும் இக்கட்டுரை அளவிற் பெயரிட்டுக்கொள்வோம். வைற்ஹோலின் ஏவலாளனுக்கு இல்லாதிருந்தது தன்னாட்சி. கொழும்பு மாளிகையில் நிரம்பி வழிந்தது பிறராட்சி. பெரிய உத்தியோகத்தர் கூடிய நாள் வாழ்ந்ததற்குக் காரணம், பலரை ஏவியமை என்பதைவிடத் தம் நாளைத் தாமே வகுத்துக்கொண்டமை என்பதே பொருந்தும்.

இதற்கு விலங்குலகத்திலும் ஒரு சான்று உண்டு. ஆபிரிக்காவின் கென்யா நாட்டில் அம்போசெலி என்னும் வெளியிலே வாழும் பபூன் குரங்குகளை ஒன்பது ஆண்டு ஆராய்ந்து 2011 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஆண்குரங்குகள் 125 அதில் அடங்கும். கூட்டத்தின் தலைவனுடைய உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்பு மிகுந்திருந்தது. இரண்டாம் இடத்தில் இருந்த குரங்கின் உடலில் அது மிகக் குறைவு. இரண்டாவதற்கு உணவுக்கும் குறைவில்லை. முதலிடத்தைக் காக்கும் ஓயாத சண்டையும் இல்லை. மனிதரைக் குரங்கோடு ஒப்பிடுவது பண்டிதர்க்கு அழகன்று என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். தேர்தற் காலத்திலே நம்மவரைப் பார்த்தவர்கள் அவ்வளவு சுளிக்கமாட்டார்கள்.

இனி நம் சங்க இலக்கியத்துக்கு வருவோம். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நண்பர் என்பது தமிழ் மாணாக்கர் அறிந்தது. ஒருவர் உறையூர் அரசர். மற்றவர் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊர்ப் புலவர். ஆண்டு பல சென்றும் உமக்கு நரை இல்லையே, ஏன் என்று பிசிராந்தையாரைக் கேட்டனர். மனைவி மாண்புடையாள், மக்கள் அறிவு நிரம்பினர், ஏவலர் நான் கருதியதையே தாமும் கருதுவர், அரசன் முறையல்லாதன செய்யாமற் காக்கின்றான், ஊரிலே அடங்கிய சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்று அவர் கூறியதாகப் புறநானூற்றுச் செய்யுள் ஒன்று அமைந்துள்ளது. இவற்றுள்ளே எங்கேயாயினும் பிறரை அடக்கி ஆளும் இன்பம் வருகின்றதா? ஏவலரைக்கூட ஏவ வேண்டியிருக்கவில்லை. அரசனைப் பற்றிய பேச்சும் வருகின்றது. அரசன் எனக்கு ஊரும் பொன்னும் தந்தான் என்று அவர் கூறவில்லை. தவறு செய்யாது காக்கின்றான் என்பதே அவர்க்குப் போதுமாயிருந்தது.

அந்தப் புலவரின் நண்பனோ முடியுடை வேந்தன். அவன் முடிவு யாது? பெற்ற மக்களே அரசுரிமைக்காக எதிர்த்து எழுந்தனர். அவனும் படையெடுத்துப் புறப்பட்டான். வென்றால் இந்த அரசை யாருக்குக் கொடுக்கப் போகின்றாய் என்ற கருத்துப்படப் புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் இடித்துரைத்தார். அரசன் போரை விட்டு வடக்கிருந்து உயிர் நீத்தான். நரையாத புலவர் ஒரு புறம். சொந்த மக்களோடு ஒரு பிடி சோறு உண்ண முடியாத வேந்தன் மறுபுறம். இருவரையும் நட்பிலே சேர்த்துப் பாடிய நம் முன்னோர், அதிகாரத்தின் கணக்கை நன்கு அறிந்தவர்கள்.

ஆயின் அதிகாரத்தை முற்றாகத் துறந்தால் இன்பம் வந்துவிடுமா? அதுவும் முழு உண்மையன்று. உரோமப் பேரரசன் தயோக்கிளேசியன் கி.பி. 305 இல் தானாகவே முடி துறந்தான். இன்று குறோசியா நாட்டில் உள்ள ஸ்பிலிற் நகரத்து மாளிகையில் மரக்கறித் தோட்டம் செய்தான். திரும்பவும் அரசேற்குமாறு வேண்டியவர்களிடம், நான் நட்ட கோவாவை நீங்கள் பார்த்தால் இவ்வாறு கேட்கமாட்டீர்கள் என்ற கருத்துப்பட அவன் கூறியதாகச் சொல்வர். திருநெல்வேலிச் செம்மண்ணிலே கோவா நடும் நம்மூரவர்க்கு இக்கதை இனிக்கும். இக்கதையின் மறுபக்கம் இனிப்பதன்று. அரசனாயிருந்தபோது கிறித்தவர்களைக் கொடுமைப்படுத்தியவன் அவன். முடிதுறந்தபின் அவனுடைய மகளை அடுத்து வந்த அரசன் ஒருவன் நாடுகடத்தினான். மகளை என்னிடம் அனுப்பிவிடு என்று தந்தை பலமுறை வேண்டினான். வேண்டுகோள் பலிக்கவில்லை. தன் பிள்ளையை வீட்டுக்கு அழைக்கும் தன்னாட்சிகூட இல்லாதவனுக்குக் கோவாத் தோட்டம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்?

இந்த வேற்றுமையைக் கற்பதற்கு உரோமாபுரி வரையும் போகவேண்டியதில்லை. என் அயலில் ஒரு முதியவர் இருக்கின்றார். 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். சொந்த வளவும் கிணறும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக்கொண்டன. வாடகை வீட்டிலே பிள்ளைகளை வளர்த்தார்; பேரப்பிள்ளைகளையும் கண்டார். 2024 நவம்பரில், பலாலி அச்சுவேலி வீதியில் அடைபட்டிருந்த பகுதி 34 ஆண்டுகளின் பின் திறக்கப்பட்டது. அச்செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “வாத்தியார், எனக்கு ஒருத்தரையும் ஆளவேண்டாம். என்ரை கிணத்திலை ஒருத்தரையும் கேளாமல் ஒரு வாளி தண்ணி அள்ளினால் காணும்” என்றார். பிறராட்சிக்கும் தன்னாட்சிக்கும் இடையே உள்ள வேற்றுமையை இதனினும் தெளிவாக எந்த உரையாசிரியரும் எழுதியதை நான் கண்டதில்லை.

ஒருவருடைய பிறராட்சி பெருகும்போது பலருடைய தன்னாட்சி குறைகின்றது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே கட்டளையால் நிறுத்தப்பட்டது. தன் தோட்டத்துக்கு என்ன இடுவது என்று தலைமுறை தலைமுறையாய்த் தானே முடிவு செய்த கமக்காரனை எவரும் கேட்கவில்லை. நவம்பரிலே தடையைத் தளர்த்தினர். அதற்குள் ஒரு போகம் போயிற்று. அடுத்த ஆண்டு உரமும் இல்லை. இறைப்பு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெயும் இல்லை. வரிசையில் நின்றவன் மனத்திலே மூண்ட நெருப்புத்தான் மாளிகை வாயிலையும் சென்று சேர்ந்தது. பிறர் தன்னாட்சியைப் பறித்தவர் தம் தன்னாட்சியையும் காக்க முடியாது போவதற்கு 2022 சான்று.

வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் முதன்முதலாகத் தேர்தல் நடைபெற்றது. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. 2025 முடியும்வரை மறு தேர்தல் வரவில்லை. அச்சபையின் அதிகாரம் போதுமா, போதாதா என்பது வேறு வாதம். வீதியும் பள்ளியும் வைத்தியசாலையும் பற்றித் தன் ஊரவனிடமே முறையிடும் வாய்ப்பு ஒரு சமூகத்தின் மனநலத்தோடு தொடர்புடையது என்பதையே இங்கே கூறவந்தேன். அரசியல் உரிமை என்பது மேடைப்பேச்சுக்கு மட்டும் உரிய பொருள் அன்று. அது நித்திரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய பொருள்.

ஆசிரியர்களாகிய நாம் இதனை அரசியல்வாதிகளுக்கு உபதேசித்துவிட்டு ஓய்ந்திருத்தல் தகாது. நாற்பது பிள்ளைகளின்மேல் நாள்தோறும் அதிகாரம் செலுத்துபவர் நாம். எழு, இரு, எழுது, பேசாதே என்னும் நான்கு சொற்களால் ஒரு பிள்ளையின் பகற்பொழுது முழுவதையும் கட்டிவிட நமக்கு முடியும். அந்தப் பிள்ளைக்குத் தன் பொழுதிலே ஒரு மணி நேரமேனும் தன்னாட்சி உண்டா? எந்த நூலைப் படிப்பது, எந்தப் பொருளைப் பற்றி எழுதுவது என்று தானே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு உண்டா? அன்று நேரசூசியை ஆசிரியர்களையே கூடி எழுதச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் கூடச் சென்றிருக்கும், வாக்குவாதமும் நடந்திருக்கும். ஒரு தாயார்க்குத் தம் மகள் கையால் மத்தியானச் சோறு கிடைத்திருக்கும்.

அந்த மாணவி பின்வாங்கிலே இருந்தவள். அவள் அங்கே ஏன் இருக்கின்றாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் உயரத்தைப் பார்த்து நானே இருத்தியது. அன்று பாடம் முடிந்ததும், “நாளை முதல் விரும்பிய இடத்தில் விரும்பியவர் இருக்கலாம்” என்றேன். மறுநாள் அவள் முன்வாங்கில் யன்னலோரத்தில் இருந்தாள். கண் சற்றுக் குறைவு, ஐயா. பலகையில் எழுதுவது பின்னால் இருந்து தெரிவதில்லை என்றாள். எட்டு மாதம் அவள் பலகையைப் பாராமலே படித்திருக்கின்றாள். அன்று நாங்கள் புதிய அதிகாரம் ஒன்றைத் தொடங்கினோம்.